இரண்டாவது இருக்கை

1917 டிசம்பர் 17 அன்று, பெல்ஜியத்தின் மெஸ்ஸின் பகுதிக்கு மேலே ஓர் ஆர்.ஈ.8 விமானம் வட்டமிட்டபடி, கீழே இருந்த பீரங்கிகளுக்குக் குறி திருத்திக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியப் பறக்கும் படையின் மூன்றாம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த விமானம். முன்னால் விமானி சாண்டி, பின்னால் துப்பாக்கியோடு ஹியூஸ். ஆறு ஜெர்மன் அல்பட்ராஸ்கள் அவர்கள்மேல் பாய்ந்தன. இருவரும் திருப்பித் தாக்கி, ஓர் அல்பட்ராஸைத் தரையில் இறங்க வைத்தார்கள்; அது இன்றும் கான்பெராவின் போர் நினைவகத்தில் இருக்கிறது. துணைக்கு வேறு ஆர்.ஈ.8 வந்ததும் எதிரிகள் விலகிப் போனார்கள். சாண்டியின் விமானம் ஒன்றுமே நடக்காததுபோலப் பறந்துகொண்டிருந்ததால், எல்லாம் நலம் என்று எண்ணி மற்றவர்கள் தம் வேலையைப் பார்க்கப் போனார்கள். அது தளத்துக்குத் திரும்பவே இல்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால், பிரான்சின் சான் பொல் ஊருக்கு அருகே, பெரிய சேதமில்லாமல் கிடந்தது. உள்ளே இருவரும் இறந்திருந்தார்கள். ஒரே குண்டு இருவரையும் துளைத்திருந்தது. ஓட்ட ஆளில்லாமலே அந்த விமானம் பெட்ரோல் தீரும்வரை பறந்து, தானே தரை தொட்டிருந்தது.

விமான வரலாற்றில் இதை ஒரு விந்தையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். இந்தக் கட்டுரையின் கேள்வியோ இதற்குள்தான் இருக்கிறது. விமானியின் கை சற்று விலகினாலும் ஆடாமல் அசையாமல் பறக்கும்படி வேண்டுமென்றே கட்டப்பட்ட விமானம் அது. ஏன் அப்படிக் கட்டினார்கள்? அதில் இருந்த இரண்டு பேருக்கும் பறப்பதைவிட முக்கியமான வேலை வேறு இருந்தது. ஒருவர் தரையைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் வானத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ஆடாமல் பறக்கும் விமானம் சட்டென்று திரும்பித் தப்பவும் செய்யாது. வேலைக்கு உதவிய குணமே ஆளைக் கொல்லும் குணமாகவும் ஆனது. முதல் உலகப் போரின் நான்கு ஆண்டுகளும் ஈரிருக்கை விமானங்களை வரைந்தவர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் முயன்றார்கள். இரண்டாவது ஆள் எதற்கு, அவர் எங்கே உட்கார வேண்டும், இருவரில் யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்பவைதான் அந்த முடிச்சின் இழைகள்.

பொதுமக்கள் நினைவில் அந்தப் போரின் வானம் ஒற்றை இருக்கைச் சண்டை விமானங்களுக்கே சொந்தம். 80 விமானங்களை வீழ்த்திய மன்ஃப்ரெட் ஃபொன் ரிக்தோஃபனின் பெயர் தெரியாதவர் குறைவு. அவர் வீழ்த்தியவை எவை என்று பட்டியலை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஈரிருக்கை விமானங்கள். 57 விமானங்களை வீழ்த்திய ஆங்கிலேயர் ஜேம்ஸ் மெக்கடனின் கணக்கிலும் பெரும்பான்மை அவையே. இவர்கள் நேர்மையற்ற வேட்டைக்காரர்கள் என்று இதற்குப் பொருளில்லை. எதிரியின் ஈரிருக்கை விமானம் தன் வேலையை முடித்துவிட்டுப் போனால், அடுத்த அரை மணியில் நம் பதுங்குகுழிகள்மேல் குண்டு விழும். அதைத் தடுக்கவே சண்டை விமானம் பிறந்தது. எதிரியின் சண்டை விமானத்தைத் தடுக்க இன்னொரு சண்டை விமானம் வந்தது. வீரக்கதைகள் எல்லாம் இந்த இரண்டாம் படியில் எழுந்தவை. முதல் படியில் நின்றவர்களைக் கதைகள் மறந்துவிட்டன. ரிக்தோஃபனே 1915-ல் கிழக்கு முனையில் பின் இருக்கைக்காரராகத்தான் தொடங்கினார். 1917 ஜூலை 6-ம் தேதி அவர் தலையில் பட்ட குண்டும் எஃப்.ஈ.2டி என்ற ஈரிருக்கை விமானங்களோடு மோதியபோது பட்டதுதான்.

தொடக்கத்தில் இரண்டாவது இருக்கைக்கு ஒரே காரணம்: பார்ப்பது. 1911-ல் லிபியாவில் துருக்கியரோடு போரிட்ட இத்தாலியர் விமானத்தை வேவுக்கும், பிறகு கையால் சிறு குண்டுகளை வீசவும் பயன்படுத்தினார்கள். தனியாகப் பறந்தவருக்கு ஓட்டுவதே முழு நேர வேலையாக இருந்தது. 1914 ஆகஸ்டில் ஐரோப்பா போரில் இறங்கியபோது, படைகளிடம் இருந்த விமானங்களில் பல இருவரை ஏற்றுபவை, எவற்றிலும் முறையான ஆயுதம் கிடையாது. ஆங்கிலேயரின் பி.ஈ.2, பிரெஞ்சுக்காரரின் காட்ரன், ஜெர்மானியரின் அல்பட்ராஸ் பி வகை எல்லாம் இந்த இனம். இந்த இரண்டாவது ஆளுக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை; நோக்கர் என்றே வைத்துக்கொள்வோம். மடியில் வரைபடம், கையில் பென்சில், கழுத்தில் தொலைநோக்கி என்று அவர் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பென்சில் என்ன செய்தது என்பதற்குச் சான்று 1914 செப்டம்பர் முதல் வாரத்தில் கிடைத்தது. ஃபொன் க்ளுக்கின் ஜெர்மன் முதற்படை பாரிஸை நோக்கி வராமல் தென்கிழக்கே திரும்புகிறது என்று பிரெஞ்சு, ஆங்கில நோக்கர்கள் வந்து சொன்னார்கள். மார்ன் நதிப் போரில் பிரெஞ்சுப் படை பக்கவாட்டில் பாய்வதற்குத் துணிவு தந்த செய்திகளில் இதுவும் ஒன்று. குதிரைப்படை பல நாள் அலைந்து கொண்டுவரும் தகவலை இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதில் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடுத்த மாதமே அந்தப் பென்சிலுக்குப் பக்கத்தில் துப்பாக்கி வந்து சேர்ந்தது. அக்டோபர் 5-ம் தேதி ரைம்ஸ் நகருக்கு அருகே, பிரெஞ்சு விமானி ஜோசப் ஃபிரான்ட்சும் அவருடைய மெக்கானிக் லூயி கெனோவும் தங்கள் வாசான் விமானத்திலிருந்து ஒரு ஜெர்மன் ஏவியாட்டிக்கைச் சுட்டு வீழ்த்தினார்கள். வானில் ஒரு விமானம் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்திய முதல் நிகழ்ச்சி என்று வரலாறு இதைத்தான் குறிக்கிறது. சுட்டதும் ஈரிருக்கை விமானம், விழுந்ததும் ஈரிருக்கை விமானம். வாசானின் எஞ்சினும் சுழல்விசிறியும் பின்னால் இருந்தன. ஆகவே முன்னால் சுடத் தடை எதுவும் இல்லை.

யார் தலைவர் என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறியது. ஜெர்மன் படையில் நோக்கர்தான் அதிகாரி. விமானி பெரும்பாலும் சாதாரணப் படைவீரர். குதிரைவண்டியில் ஐயா பின்னால் உட்கார்ந்து வழி சொல்ல, வண்டிக்காரர் ஓட்டுவதைப் போன்ற ஏற்பாடு. படைவீரர் பேச்சில் விமானிக்கு எமில் என்றும் நோக்கருக்கு ஃபிரான்ஸ் என்றும் பெயர். ஃபிரான்ஸ் வரைபடத்தைத் தப்பாகப் படித்து வழி தவறினால், அதற்கென்றே ஒரு வினைச்சொல் பிறந்தது. இன்றும் காரில் வழி தவறும் ஜெர்மானியர் ‘ஃபெர்ஃப்ரான்ஸ்ட்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பின்னாளில் நாஜி விமானப்படைக்குத் தலைமை ஏற்ற ஹெர்மன் கோரிங்கும் முதலில் ஒரு ஃபிரான்ஸ்தான். அவருடைய எமில் ப்ரூனோ லோர்ட்சர்.

ஆங்கிலேயர் இதைத் தலைகீழாக்கினார்கள். அங்கே விமானிதான் தலைவர். 1915-ல் நோக்கருக்கென்று ஒரு சின்னம் வந்தது. விமானிக்கு இரண்டு சிறகு, நோக்கருக்கு ஓர் ‘ஓ’ எழுத்தும் ஒற்றைச் சிறகும். காலாட்படையிலிருந்தும் பீரங்கிப்படையிலிருந்தும் விருப்பம் தெரிவித்து வந்தவர்களை, முறையான பயிற்சி அதிகம் இல்லாமலே பின் இருக்கையில் ஏற்றி அனுப்பிய காலமும் இருந்தது. அரைச் சிறகுக்காரருக்கு மரியாதையும் அரைதான். இந்த வேறுபாடு வேலைப் பங்கீட்டையும் மாற்றியது. ஜெர்மன் விமானத்தில் பீரங்கிக்குக் குறி சொல்வது நோக்கர். ஆங்கில விமானத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் விமானியே பார்த்தார். பின்னால் இருந்தவர் எதிரி வருகிறானா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் நோக்கர், வேலை காவல்.

பீரங்கிக்குக் குறி சொல்வது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். அந்தப் போரில் மனிதரைக் கொன்றதில் பீரங்கிக்கே முதலிடம். அந்தப் பீரங்கிக்குக் கண் தந்தது இந்த விமானம். பீரங்கி வீரர்களுக்கு மேட்டுக்கு அப்பால் இருக்கும் இலக்கு தெரியாது. விமானத்தில் ஒரு சிறு வானொலிக் கருவி இருந்தது. அதனால் அனுப்ப மட்டுமே முடியும், பெற முடியாது. நுனியில் ஈயக்குண்டு கட்டிய நீண்ட ஆண்டெனாக் கம்பியை விமானத்துக்குக் கீழே தொங்கவிட்டு, மோர்ஸ் குறியில் தட்டுவார்கள். இறங்குமுன் கம்பியைச் சுருட்ட மறந்தால் அது மரத்திலோ கூரையிலோ சிக்கும். கீழே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டுமென்றால் தரையில் வெள்ளைத் துணிகளை விரித்துக் காட்ட வேண்டும்.

குண்டு எங்கே விழுந்தது என்பதை ஓரிரு எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதற்குக் கடிகார முறை வந்தது. இலக்கை ஒரு கடிகாரத்தின் நடுப்புள்ளியாக வைத்துக்கொள்வார்கள். 12 மணி என்றால் வடக்கு. நடுவிலிருந்து 10 கஜத்துக்கு ஒய், 25-க்கு இசட், 50-க்கு ஏ, 100-க்கு பி, 200-க்கு சி என்று 500 கஜம்வரை கற்பனை வளையங்கள். ‘சி 9’ என்று செய்தி வந்தால் குண்டு இலக்குக்கு நேர் மேற்கே 200 கஜத்தில் விழுந்திருக்கிறது என்று பொருள். பீரங்கிக்காரர் திருத்துவார், மறுபடி சுடுவார். குண்டு இலக்கில் விழும்வரை விமானம் அதே இடத்தில், ஏறத்தாழ அதே உயரத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கீழிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுடும், மேலிருந்து சண்டை விமானம் பாயும். எட்டுப் போடுபவர் வீரதீரம் எதுவும் காட்ட முடியாது. கணக்குப் பிள்ளையின் பொறுமைதான் தேவை.

புகைப்படம் இன்னொரு பெரிய வேலை. 1915 மார்ச் 10-ம் தேதி தொடங்கிய நோவ் ஷாப்பெல் தாக்குதலுக்கு முன்பே, ஜெர்மன் பதுங்குகுழிகளை வானிலிருந்து படமெடுத்து, அவற்றிலிருந்து வரைபடம் வரைந்து படைப்பிரிவுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜே.டி.சி. மூர்-பிரபசான் என்ற அதிகாரியின் குழு இதற்கென்றே ஒரு காமிராவை உருவாக்க உழைத்தது. தொடக்கத்தில் நோக்கர் உறைய வைக்கும் காற்றில் கையை நீட்டி, ஒவ்வொரு கண்ணாடித் தட்டாக மாற்ற வேண்டியிருந்தது. படமெடுக்க விமானம் நேர்க்கோட்டில், மட்டமாகப் பறக்க வேண்டும். சுடுபவனுக்கு இதைவிட எளிய இலக்கு வேண்டுமா?

காலாட்படை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதும் இந்த விமானங்களின் பொறுப்பாயிற்று. 1916-ன் சோம் போரில் விமானங்கள் தாழப் பறந்து ஹாரன் அடிக்கும். கீழே இருக்கும் வீரர்கள் ஒளிச்சுடர் கொளுத்தித் தம் இடத்தைக் காட்ட வேண்டும். வீரர்கள் பலர் கொளுத்தவில்லை. கொளுத்தினால் எதிரிக்கும் இடம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன. எனவே விமானி இன்னும் தாழப் பறந்து, சீருடையின் நிறத்தைப் பார்த்து அறிய வேண்டியிருந்தது.

இனி உட்காரும் இடம். பி.ஈ.2 வகையில் நோக்கர் முன்னால், இரு இறக்கைகளுக்கும் நடுவே, சுற்றிலும் கம்பிகளுக்கும் தாங்குகட்டைகளுக்கும் மத்தியில் உட்கார்ந்தார். விமானத்தின் எடைச் சமநிலைக்கு அந்த இடம் வசதி: நோக்கர் இல்லாமல் பறந்தாலும் சமநிலை கெடாது. ஆனால் அவரிடம் துப்பாக்கியைக் கொடுத்தபோது எந்தப் பக்கம் சுட்டாலும் தன் விமானத்தின் ஏதோ ஓர் உறுப்பு குறுக்கே நின்றது. போதாததற்கு 90 குதிரைத்திறன் எஞ்சின். குண்டுகளைச் சுமந்தால் நோக்கரைச் சுமக்க முடியாது. 1915 ஆகஸ்ட் 1 அன்று மாக்ஸ் இம்மல்மன் தம் ஃபாக்கர் ஒற்றை இறக்கை விமானத்தில் வீழ்த்திய முதல் எதிரி, குண்டு வீசுவதற்காக நோக்கரை விட்டுவிட்டுத் தனியாக வந்த ஒரு பி.ஈ.2சி. சுழலும் விசிறியின் அலகுகளுக்கு நடுவே சுடும் ஒத்திசைவுப் பொறி இம்மல்மனிடம் இருந்தது. எதிரே இருந்தவருக்குப் பின்னால் காவலுக்கு ஆளே இல்லை.

அந்தப் பொறி கைக்கு வராத ஆங்கிலேயர், எஞ்சினைப் பின்னால் தள்ளி நோக்கரை மூக்கில் உட்கார வைத்தார்கள். விக்கர்ஸ் கன்பஸ், அதன்பின் எஃப்.ஈ.2பி. முன்னால் சுடுவதற்கு அருமையான இடம். பின்னால் வருபவனைச் சுட வேண்டுமானால் நோக்கர் இருக்கைமேல் ஏறி நின்று, மேல் இறக்கைக்கு மேலாகச் சுட வேண்டும். விமானத்தின் விளிம்பு அவர் முழங்காலுக்குத்தான் வரும். கட்டிக்கொள்ள வார் இல்லை, பாராசூட் இல்லை. ஆயிரம் ஆயிரம் அடி உயரத்தில் கிணற்று மதில்மேல் நின்று சண்டை போடுவதுபோல.

ஜெர்மானியர் விடையை முன்னதாகவே கண்டுவிட்டார்கள். 1915-ல் அவர்கள் கொண்டுவந்த சி வகையில் விமானி முன்னே வந்தார். நோக்கர் பின்னே போனார். அவருக்கு வளையத்தில் சுழலும் பாராபெல்லம் துப்பாக்கி. ஆயுதமில்லாத பி வகைக்கும் ஆயுதமேந்திய சி வகைக்கும் உள்ள வேறுபாடே இருவர் இடம் மாறியதில்தான் இருந்தது. ஆங்கிலேயருக்கு 1916-ல் சோப்வித் ஒன்றரை ஸ்ட்ரட்டர் வந்தபிறகுதான் விமானிக்கு ஒத்திசைந்த முன் துப்பாக்கி, நோக்கருக்குச் சுழலும் பின் துப்பாக்கி என்ற அமைப்பு கைகூடியது. ஸ்கார்ஃப் என்ற கடற்படை அதிகாரி வடிவமைத்த துப்பாக்கி வளையம் அதன்பின் பல பத்தாண்டு நிலைத்தது.

அப்படியானால் பி.ஈ.2-ஐ ஏன் நிறுத்தவில்லை? 1916 மார்ச்சில் நோயல் பெம்பர்ட்டன் பில்லிங் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து, நம் விமானிகள் எதிரியால் மட்டுமல்ல, நம் அரசு ஆலையாலும் கொல்லப்படுகிறார்கள் என்ற பொருளில் குற்றம் சாட்டினார். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆலையின் பெயர் அதோடு கெட்டது. இன்றுவரை பல நூல்கள் அந்தக் குற்றச்சாட்டையே திருப்பிச் சொல்கின்றன. என் கருத்தில் அது பாதி நியாயம்தான். 1912-ல் வரைந்தபோது பி.ஈ.2 கேட்ட வேலைக்குச் சரியான விடை. எட்வர்ட் பஸ்க் என்ற இளம் பொறியாளர் உழைத்துத் தந்த அதன் நிலைத்தன்மை அக்கால அறிவியலின் சாதனை. இரவில் எதிரிச் சண்டை விமானம் இல்லாத வானத்தில் அந்தக் குணமே வரமானது. 1916 செப்டம்பர் 3 அதிகாலையில் லண்டன் அருகே ஜெர்மன் வான்கப்பலை எரித்து வீழ்த்திய லீஃப் ராபின்சன் ஓட்டியது பி.ஈ.2சி-தான். பழுது வேறிடத்தில் இருந்தது. வரைபடங்களை ஒருமுறை தொழிற்சாலைகளுக்குக் கொடுத்து, அச்சுகள் செய்து, ஆட்களைப் பழக்கிவிட்டால் அந்தச் சக்கரத்தை நிறுத்துவது எளிதல்ல. அந்த வகையில் ஏறத்தாழ 3,500 விமானங்கள் கட்டப்பட்டன.

யார் கட்டினார்கள் என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். லிங்கனில் நீராவி எஞ்சினும் கதிரடிக்கும் இயந்திரமும் செய்த ரஸ்டன் ப்ராக்டர் பி.ஈ.2 கட்டியது. இப்ஸ்விச்சில் கலப்பையும் புல்வெட்டியும் செய்த ரான்சம்ஸ், நாரிச்சில் மரவேலை செய்த போல்டன் அண்ட் பால், இரண்டும் எஃப்.ஈ.2பி கட்டின. கார் செய்த டெய்ம்லர் ஆர்.ஈ.8 கட்டியது. ஜெர்மனியில் ஹனோவரின் ரயில் பெட்டி ஆலை ஈரிருக்கை விமானம் செய்தது. விமானம் என்பது அன்று மரச்சட்டம், கம்பி, துணி. தச்சரும் தையல்காரரும் போதும். ஸ்புரூஸ் மரத்துக்காக அமெரிக்கா 28,000 அளவிலான படைவீரர்களை ஆரிகன், வாஷிங்டன் மாநிலக் காடுகளுக்கு மரம் வெட்ட அனுப்பியது. அயர்லாந்தின் லினன் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் டோப் என்ற பூச்சு அடிப்பார்கள். அந்தப் பூச்சில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் ஆவி ஈரலைக் கெடுத்தது. பூச்சடித்த தொழிலாளர்களில், பெண்களும் அடக்கம், பலருக்கு மஞ்சள்காமாலை வந்தது, சிலர் இறந்தார்கள். வான்போரின் சாவுக் கணக்கில் இவர்கள் பெயரையும் எழுதியிருக்க வேண்டும்.

சுழலும் எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் வேண்டும். நம் ஊரில் விளக்குக்கும் வயிற்றுக்கும் ஊற்றிய எண்ணெய்தான். ஆமணக்குக்குப் பெரிய இடம் இந்தியா. தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கர்கள் தங்கள் தென் மாநிலங்களில் பயிரிட பம்பாயிலிருந்து விதை வரவழைத்தார்கள். ஒன்றரை ஸ்ட்ரட்டரின் க்ளெர்ஜெ எஞ்சின் குடித்ததும் ஆமணக்கெண்ணெயே.

மரமும் துணியும் கிடைத்தாலும் எஞ்சின் கிடைக்கவில்லை. போர் முழுவதும் பிரிட்டன் ஏறத்தாழ 55,000 விமானங்களைக் கட்டியது, ஆனால் எஞ்சின் ஏறத்தாழ 41,000-தான். பிரான்ஸ் ஏறத்தாழ 52,000 விமானங்களுக்கு 92,000 எஞ்சின் செய்து, நட்பு நாடுகளுக்கும் கொடுத்தது. ஜெர்மனி 48,000 விமானம், 40,000-க்குச் சற்று அதிகமான எஞ்சின். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் மாரோ 1993-ல் எழுதிய பெருநூல் வான்போரைத் தொழிற்சாலையிலிருந்து பார்க்கச் சொன்னது. அந்த நோக்கு வந்தபிறகு, தனிவீரர் புராணங்களால் விளங்காத பல விஷயங்கள் விளங்குகின்றன. சிறந்த வடிவம் எது என்பதைவிட எந்த எஞ்சின் கைவசம் இருக்கிறது என்பதே பல நேரம் முடிவைத் தீர்மானித்தது.

1917 ஏப்ரலில் அராஸ் போருக்காகத் தளபதி டிரென்சார்ட் தம் ஈரிருக்கை விமானங்களைப் பழைய பி.ஈ.2-களோடு சேர்த்தே எதிரியின் வானத்துக்குள் அனுப்பினார். அந்த ஒரே மாதத்தில் ஆங்கிலேயர் 245 விமானங்களை இழந்தார்கள். ஆனாலும் படங்கள் வந்துசேர்ந்தன, பீரங்கிகள் குறி தவறவில்லை, அராஸின் முதல் நாள் தாக்குதல் வென்றது. விலை கொடுத்தது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. காலாட்படை இருபதாயிரம் பேரை ஒரே நாளில் இழந்த போரில், டிரென்சார்ட்டுக்கு அந்தக் கணக்கு பெரிதாகத் தோன்றியிருக்காது. பின் இருக்கைப் பையனின் தாய்க்கு அப்படித் தோன்றியிருக்குமா?

அதே மாதம் 5-ம் தேதி ஒரு புதிய விமானம் முதல்முறையாகச் சண்டைக்குப் போனது: ஃப்ராங்க் பார்ன்வெல் வடித்த பிரிஸ்டல் ஃபைட்டர். வான்கப்பலை வீழ்த்திய அதே லீஃப் ராபின்சன் தலைமையில் ஆறு விமானங்கள் போயின. ரிக்தோஃபனின் கூட்டம் நான்கை வீழ்த்தியது, ராபின்சன் கைதியானார். ஈரிருக்கை விமானம் என்றால் வரிசை குலையாமல் பறந்து, நோக்கரின் துப்பாக்கியை நம்ப வேண்டும் என்ற பழைய பாடத்தின்படி அவர்கள் பறந்ததுதான் தவறு. சில வாரத்தில் விமானிகள் வேறு பாடம் கற்றார்கள். ஒற்றை இருக்கை விமானத்தைப்போலப் பாய்ந்து முன் துப்பாக்கியால் தாக்குவது. பின்னால் வருபவனை நோக்கர் கவனித்துக்கொள்வார். விமானம் அதேதான், வால் பக்கம் கொடுக்குள்ள தேளாக மாறிவிட்டது. கனடாவின் ஆண்ட்ரூ மெக்கீவர் இதில் 31 வெற்றிகள் கண்டார். ஆனால் அதன் உயிர் ரோல்ஸ் ராய்ஸ் ஃபால்கன் எஞ்சினில் இருந்தது, அதுவோ போதுமான அளவு வரவில்லை. மாற்றாகப் போட்ட சன்பீம் அரப் எஞ்சின் அதிர்ந்தே கெட்டது. பீரங்கி ஸ்குவாட்ரன்களுக்குப் பிரிஸ்டல் போய்ச் சேரவில்லை, அவர்கள் ஆர்.ஈ.8-ஐ வைத்தே காலம் தள்ளினார்கள். 4,000-க்கும் மேல் கட்டப்பட்ட ஆர்.ஈ.8, பி.ஈ.2-வின் தம்பி. நோக்கரைப் பின்னால் வைத்தார்கள், அண்ணனின் நிதானத்தை விடவில்லை.

1917-லிருந்து ஒரே விமானம் எல்லா வேலையும் செய்யும் என்ற எண்ணம் போனது. ஜெர்மானியரின் ரும்ப்ளர் சி.4, 6,000 மீட்டருக்கு மேல் ஏறி, உள்ளே இருந்தவர்கள் ஆக்சிஜன் குழாயை வாயில் வைத்துக்கொள்ள, படமெடுத்தது. அதை எட்டிப் பிடிக்கவே மெக்கடன் தம் எஞ்சினைத் தனியாகச் செப்பனிட்டார். ஹால்பர்ஸ்டாட், ஹனோவர் விமானங்கள் தலைக்கு மேலேயே பறந்து பதுங்குகுழிகளைச் சுட்டன. ஹனோவருக்கு இரட்டை வால். வால் குட்டையானால் நோக்கர் சுடுவதற்கு இடம் கூடும். ஜங்கர்ஸ் ஜே.1 ஐந்து மில்லிமீட்டர் எஃகுத் தொட்டிக்குள் எஞ்சினையும் இருவரையும் வைத்தது. 227 மட்டுமே செய்தார்கள். கனத்தைப் பார்த்துப் படைவீரர்கள் அதை ‘சாமான் வண்டி’ என்று கேலி செய்தார்கள். ஏறி வந்தவர்கள் உயிரோடு இறங்கினார்கள். பிரெஞ்சுக்காரரின் ப்ரெகே 14 குண்டுவீச்சில் நல்ல பெயர் எடுத்தது.

மெசபடோமியாவில் இன்னொரு வேலை. 1916 ஏப்ரலில் கூட் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய படைக்கு, அதில் பெரும்பகுதி இந்திய வீரர்கள், விமானங்கள் மாவும் சர்க்கரையும் போட்டன. தானியம் இருந்தும் அரைக்க வழியில்லாததால் திரிகைக் கல்லைக்கூட வானிலிருந்து இறக்கினார்கள். சில மூட்டைகள் டைகிரிஸ் ஆற்றில் விழுந்தன. பசி தீரவில்லை; ஏப்ரல் 29 அன்று நகரம் சரணடைந்தது.

கடைசியாக டி.எச்.4. ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் வேகமான குண்டுவீச்சு விமானம். பல சண்டை விமானங்கள் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. விமானி குண்டு போடக் கீழே நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவரை முன்னால் வைத்தார்கள். சுட இடம் வேண்டும் என்று நோக்கரை வெகு பின்னால் வைத்தார்கள். நடுவே பெட்ரோல் தொட்டி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம். சேர்த்துப் பார்த்தால், சண்டை நடக்கும்போது இருவரும் பேசிக்கொள்ள முடியாது. நடுவே இருந்த பேசுகுழாய் எஞ்சின் இரைச்சலில் பயன்படவில்லை. சொந்த வடிவம் இல்லாமல் போருக்கு வந்த அமெரிக்கா இதைத் தேர்ந்தெடுத்து, தன் லிபர்ட்டி எஞ்சினைப் பொருத்தி 4,800-க்கும் மேல் கட்டியது. 1918 அக்டோபர் 6-ம் தேதி ஆர்கோன் காட்டில் சூழப்பட்ட அமெரிக்க வீரர்களைத் தேடி இப்படி ஒரு விமானத்தில் தாழப் பறந்த கோட்லர், ப்ளெக்லி இருவரும் உயிர்விட்டார்கள். நாட்டின் மிக உயர்ந்த விருதை விமானி, நோக்கர் இருவருக்கும் கொடுத்தார்கள். சிறகு ஒன்றா இரண்டா என்று அங்கே யாரும் எண்ணவில்லை.

போர் முடிந்ததும் ஒற்றை இருக்கை விமானங்களுக்கு அதிக வேலை இல்லை. ஈரிருக்கைகளுக்கு இருந்தது. பிரிஸ்டல் ஃபைட்டர் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1930-களின் தொடக்கம்வரை பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்தது. 1918 கிறிஸ்துமஸ் அன்று துலூஸிலிருந்து பார்சிலோனாவுக்குப் பறந்த ஒரு சால்ம்சன் விமானத்தில், துப்பாக்கி இருந்த பின் இருக்கையில் அமர்ந்திருந்தவர் விமான அஞ்சல் நிறுவனம் தொடங்கவிருந்த லாத்தெகோயெர். அமெரிக்க அஞ்சல் துறை டி.எச்.4-களை வாங்கி, அவற்றை மாற்றிக் கட்டச் சொன்னது. விமானியைப் பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால், நோக்கர் இருந்த பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் விமானி இருந்த குழியில் கடிதப் பைகளை அடுக்கினார்கள்.